இரண்டாவது பயணி

"டிக்கெட்டுக்கு நீங்க காசே குடுக்கறதில்லையா?"

"குடுக்கறேன்க்கா. ஆனா அதுக்குன்னு தனியா குடுக்கறதில்ல. சோப்பு, டீத்தூள், கரண்ட் பில்லு... இதுக்கெல்லாம் குடுக்கற காசே நடந்துபோய் ஏர்போர்ட் வாசல்ல நிக்கும்."

"எங்க வீட்டுக் காசு வாசப்படி தாண்டுச்சுன்னா திரும்பிக்கூடப் பாக்காது."

"பாக்க வைக்கலாம்க்கா. ஒரே ஒரு கண்டிஷன். மாசா மாசம் வர்ற பில்லைப் பாக்கி வைக்காம முழுசா கட்டிரணும். வட்டி கட்ட ஆரம்பிச்சீங்கன்னா டிக்கெட் உங்களுக்கு இல்ல, பேங்க்காரனுக்கு."

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். பெட்டி ரிப்பேர் கடையில் ஒரு ஜிப் ரன்னர் மாற்றுகிற நேரம்தான் அந்தப் பேச்சு நீடித்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கடையில் வைத்திருந்த பெயர் 'சிவப்புப் பெட்டி'. மருந்துக் கம்பெனி வேலை, மாதம் இரண்டு விமானம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஜிப் கோளாறு. அங்கே எல்லோருக்கும் அப்படித்தான் பெயர். பூட்டு நம்பரை மறந்தவர், கைப்பிடி உடைத்த வாத்தியார், இரட்டைப் பெட்டி. ஊரும் பதிலுக்குச் சும்மா இருக்கவில்லை. கவுண்டரிலிருந்து கேள்வி கேட்டவளின் கணவனுக்கு 'பெட்டி டாக்டர்' என்று பெயர் வைத்தது. அந்தக் கணக்கில் அவள் டாக்டரம்மா ஆனாள். "டாக்டர் இருக்காரா? கால் போயிருச்சு" என்று சக்கரம் கழன்ற பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், "அட்மிட் பண்ணிட்டுப் போங்க, நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று சீட்டுக் கிழித்துக் கொடுப்பது அவள் வேலை.

கடை என்பது ஒரு மாடிப்படிக்கு அடியில் கிடைத்த இடம். படி சரிந்து இறங்குகிற பக்கம் அவன் உட்கார்ந்து வேலை செய்வான். எழும்போதெல்லாம் தலையைக் குனிந்து குனிந்து, வெளியே வெட்டவெளியில் நடக்கும்போதும் லேசாகக் குனிந்தே நடப்பான். நிமிர்ந்து நிற்க முடிகிற பக்கத்தில் அவளுடைய கவுண்டர். நடுவில் ஊரார் பெட்டிகள். அவற்றின் கைப்பிடிகளில் விமானக் கம்பெனிக்காரர்கள் ஒட்டிய காகிதப் பட்டைகள் தொங்கும், மூன்று மூன்று எழுத்துகளாக ஊர்களின் பெயரைச் சுமந்துகொண்டு. அவன் அவற்றைக் கத்தரித்துக் குப்பையில் போடுவான். அவள் போடுவதற்கு முன் ஒரு தரம் படித்துவிடுவாள். படித்துப் படித்தே எந்த ஊருக்கு எந்த எழுத்து என்று அவளுக்கு மனப்பாடம். உலகத்தின் பாதி ஊர்களுக்குப் போய்த் திரும்பிய பெட்டிகளைத் துடைத்து வைத்தவள், விமானத்தைத் தரையில் நின்றுகூடப் பக்கத்தில் பார்த்ததில்லை.

சிவப்புப் பெட்டி போன அன்று மாலையே அவனிடம் சொன்னாள். அவன் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினான். விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"பேரு என்ன சொன்னே?"

"கிரெடிட் கார்டு."

"அதாவது கடன். பேர்லயே இருக்கு. கதவைத் தட்டிக் 'கடன் வந்திருக்கேன்'னு சொல்றவனை யாராச்சும் உள்ள கூப்பிட்டு உக்கார வைப்பாங்களா?"

"நாம வாங்கப்போறது கடன் இல்லைங்க. மாசா மாசம் சக்கரம், ஜிப்பு, கைப்பிடின்னு மொத்தக் கடைக்காரருக்குக் குடுக்கறோம்ல, அதே காசு. நேராக் குடுக்காம சுத்திக் குடுக்கப்போறோம். அவ்வளவுதான்."

"சுத்திக் குடுத்தா ப்ளேன் வருமா?"

"வரும்."

அவன் ஆணிகளைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் அகராதியில் அது சம்மதம்.

வங்கி அவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கவில்லை. கடை அவள் பெயரில்தான் பதிவாகியிருந்தது. வருஷா வருஷம் வரிக் கணக்கு கொடுப்பவளும் அவள்தான். எல்லாத் தாளையும் ஒரு கோப்பில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "நீங்க இதுவரைக்கும் எங்கயுமே கடன் வாங்கினதில்லையேம்மா." வாங்கவில்லை என்று இவள் நிமிர்ந்து சொன்னாள். "அதான் பிரச்சினை. உங்களை நம்பலாமான்னு பாக்க எங்ககிட்ட ஒண்ணுமே இல்லை." இருபது வருஷம் கைக்கு வந்ததற்குள் வாழ்ந்தவளை நம்ப ஆதாரம் இல்லையாம். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுவாரம் திரும்பப் போய், வேறு என்ன வழி என்று கேட்டு, ஒரு சிறிய வைப்புத் தொகையை அங்கேயே போட்டு, அதன் மேல் ஒரு குட்டி அட்டை வாங்கினாள். செலவழிக்கச் செலவழிக்கச் சேர்ந்து டிக்கெட்டாக மாறும் பாயிண்ட்டும் அதில் கிடையாது, ப்ளேனும் கிடையாது. நல்ல பெயர் மட்டும்தான் சேரும். ஒரு வருஷம் டீத்தூளும் பல்பும் அதில் வாங்கி, ஒவ்வொரு மாதமும் கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே கட்டினாள். வருஷம் முடிந்ததும் வங்கியே கூப்பிட்டது. அதே கண்ணாடி, அதே பெண். "உங்க ரெக்கார்டு ரொம்ப சுத்தம் மேடம்." அம்மா என்றவள் மேடம் என்றாள். அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் வீடு வரை நின்றுகொண்டே வந்தாள். உட்காரத் தோன்றவில்லை.

பயண அட்டை கையில் வந்தது இப்படித்தான். சிவப்புப் பெட்டி சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தாள். தொண்ணூறு நாளுக்குள் இவ்வளவு செலவு செய்தால் வரவேற்புப் பாயிண்ட் என்று ஒரு பெரிய தொகை மொத்தமாக வரும், அதுதான் முக்கியம். அதற்காக வேண்டாததை வாங்கக் கூடாது. அது அதைவிட முக்கியம். இருக்கைக்குப் பாயிண்ட் போதும், வரியைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். நாலைந்து மாதம் முன்னதாகத் தேடினால்தான் பாயிண்ட்டுக்கான இருக்கை கிடைக்கும். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருநாள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "டாக்டரம்மா, எனக்கும் ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்டபோது, அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "போன மாசம் வாடகையைத் தேதிக்குக் குடுத்தீங்களா?" என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்காது." உள்ளேயிருந்து அவன் சத்தமாகச் சிரித்தான். "நான் டாக்டர்னா, இவ ஸ்பெஷலிஸ்ட்!"

எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. இதெல்லாம் எதற்கு? எங்கே போகப்போகிறாய்? 'சும்மா, ஒரு தரம் ஏறிப் பாக்கணும்' என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மை அது இல்லை.

கல்யாணமான புதிதில் இருவரையும் எங்கேயாவது அனுப்ப வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு வேன் வந்தது. அதில் மாமியார், அவனுடைய அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், அவர்களின் இரண்டு பிள்ளைகள், சித்தப்பா ஒருவர், வழி தெரியும் என்று ஏறிக்கொண்ட வேறொருவர் என்று எல்லோரும் ஏறினார்கள். மொத்தம் ஒன்பது பேர். புது மாப்பிள்ளை டிரைவருக்குப் பக்கத்தில். புதுப்பெண் கடைசி வரிசையில், மடியில் வாந்தியெடுக்கும் பிள்ளையோடு. மலையேறிய மூன்று மணி நேரமும் அவள் பார்த்தது அவனுடைய பின்னந்தலையை. அதன் பிறகும் பயணங்கள் இருந்தன. யாருக்கோ கல்யாணம், யாருக்கோ ஆபரேஷன், யாருடைய சாவோ, மகளை விடுதியில் சேர்க்க ஒரு தரம். காரணம் இல்லாமல், கூட்டம் இல்லாமல், இரண்டு பேராக அவர்கள் தெருமுனை தாண்டியதில்லை.

கேட்டிருந்தால் கூட்டிப்போயிருப்பான். அதுதான் அவளுக்குக் கஷ்டம். அவன் எதையும் மறுக்கிறவன் இல்லை. ஆனால் அவனுக்குத் தானாகத் தோன்றி, அவனாக 'வா, போகலாம்' என்று சொல்ல வேண்டும் என்று முதல் வருஷம் காத்திருந்தாள். அவனுக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் வருஷம் கோபம் வந்தது. பத்தாம் வருஷம் கோபம் போய், கேட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தபோது பிள்ளைக்குப் பரீட்சை. இருபது தாண்டியபின் கேட்கவே வெட்கமாகிவிட்டது. காது ஓரம் நரைத்தபின் ஒருத்தி புருஷனிடம் போய் இதையா கேட்பாள்? கேள்வி நாக்கு நுனியில் வந்து நிற்கும். அவள், "டீ போடவா?" என்று கேட்டுவிடுவாள். கையில் இரண்டு டிக்கெட்டை வைத்துக்கொண்டு கேட்டால் அவ்வளவு வெட்கமாக இருக்காது என்றுதான் இந்த இரண்டு வருஷப் பாடும்.

ஊரையும் தேர்ந்தெடுத்துவிட்டாள். கடலோரத்தில் சின்ன ஊர். அந்த மூன்றெழுத்து இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு பெட்டியில்தான் வந்தது. அங்கே அவர்களுக்குச் சொந்தக்காரர் கிடையாது, தெரிந்தவர் கிடையாது, பார்த்தே ஆக வேண்டியது என்று எதுவும் கிடையாது. அவளுக்குப் பிடித்ததே அதுதான்.

அந்தத் தொண்ணூறில் எண்பத்தோராம் நாள் எல்லாம் கவிழ்ந்தது. அதற்கு முந்தின வாரம் அரை வருஷத்துக்கு வேண்டிய சக்கரங்களை மொத்தமாக வாங்கி அட்டையில் போட்டிருந்தாள். எப்படியும் வாங்க வேண்டியவை. இலக்கைத் தாண்டியாயிற்று என்று டைரியில் ஒரு கோடு இழுத்து, அதன் மேல் இன்னொரு கோடும் இழுத்தாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்தபோது மூலையிலிருந்த நாலு அட்டைப் பெட்டிகளையும் காணோம். அவன் முகமெல்லாம் வெற்றி.

"எல்லாத்தையும் திருப்பிட்டேன். நூறு சக்கரத்துல நாப்பது அச்சு ஆடுது. ரப்பர் கல்லு மாதிரி. மூணாம் மாசம் ஒடையும், ஒடைஞ்சா நம்ம கடையைத்தானே சொல்லுவாங்க? வண்டி புடிச்சு நானே கொண்டுபோய்ப் போட்டேன். மாத்தித் தர்றேன்னான். வேணாம், காசுன்னேன். முழுசா உன் கார்டுலயே திருப்பி ஏத்திட்டான்!"

அவள் நின்றபடியே வங்கிக்குப் போன் செய்தாள். எடுத்த குரல் மிகவும் இனிமையாகச் சொன்னது: "திரும்ப வந்த தொகை செலவுக் கணக்குல சேராது மேடம்." நன்றி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வரவில்லை. ஆடுகிற அச்சைக் காதை வைத்தே கண்டுபிடிப்பவன். அந்த நேர்மைக்குத்தான் நாலு தெரு தள்ளியிருந்து ஜனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவளும் அதற்காகத்தான், வேனின் பின்சீட்டையும் மன்னித்து, இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

அவள் முகத்தைப் பார்த்து அவனுக்குப் புரிந்துவிட்டது. மெல்லக் கேட்டான். "தப்புப் பண்ணிட்டேனா?"

"அச்சு ஆடுச்சுன்னா திருப்பித்தானே ஆகணும்."

அவன் எழுந்தான். தலை படியில் இடித்தது, தேய்த்துக்கொள்ளக்கூட இல்லை. "பேசாம அதையே திரும்ப வாங்கிட்டு வந்துடட்டுமா? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவன் வாயிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. "வாங்கிட்டு வருவீங்க, நான் கடைக்குள்ள விடணுமே! போய் வேலையைப் பாருங்க."

மீதி ஒன்பது நாள். நல்ல சக்கரம் வேறு எங்கும் உடனே கிடைக்கவில்லை. எண்பத்தைந்தாம் நாள், அவனுடைய அக்கா விசிறிக்கொண்டே கடைக்கு வந்து ஸ்டூலில் சாய்ந்தாள். வீட்டுக்காரர் போனபின் தனியாக இருப்பவள். வாய் கொஞ்சம் நீளம், மனசும் அதே அளவு. "தம்பி, உன் ஆஸ்பத்திரில ஃப்ரிட்ஜை அட்மிட் பண்ணுவியா? எங்க வீட்டுது மூச்சை நிறுத்திருச்சு. புதுசுதான் வாங்கணும், பணம் எடுத்து வச்சுட்டேன்."

கவுண்டரில் இருந்தவள் நிமிர்ந்தாள். "அண்ணி! அந்தப் பணத்தை எங்கிட்ட குடுங்க. நான் கார்டைத் தேய்ச்சு வாங்கித் தர்றேன்."

ஷோரூமில் அண்ணி பேரம் பேச ஆரம்பித்தாள். வெள்ளையாக இருப்பதால் குறைக்கச் சொன்னாள், கதவில் கீறல் என்று குறைக்கச் சொன்னாள், கீறல் இல்லை என்று கடைக்காரர் காட்டியதும், இவ்வளவு நேரம் நிற்க வைத்ததற்குக் குறைக்கச் சொன்னாள். விலை இறங்க இறங்க இவள் மனசுக்குள் கழித்துக்கொண்டே வந்தாள். இன்னும் ஒரு படி இறங்கினால் இலக்குக்குக் கீழே போய்விடும். முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணி, போதும்."

"சும்மா இரும்மா, இன்னும் குறைப்பான்."

"அவன் குறைச்சா நமக்குக் குறையும் அண்ணி!"

"ஃப்ரிட்ஜ் எனக்குத்தானே, உனக்கென்ன குறையுது?" என்று கேட்டவள், இவள் முகத்தைப் பார்த்ததும் என்ன நினைத்தாளோ, கடைக்காரரிடம் திரும்பி, "சரி, பொழச்சுப் போங்க" என்றாள். இவள் உடனே அட்டையைத் தேய்த்தாள். வெளியே வந்ததும் கதையை முழுதும் கேட்டுத் தெரிந்துகொண்டு அண்ணி அடித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. "அப்ப என் ஃப்ரிட்ஜ்லதான் ப்ளேனே கிளம்புதுன்னு சொல்லு!"

ஐந்து வாரம் கழித்துப் பாயிண்ட் வந்து விழுந்தது. எண்ணைப் பார்த்துவிட்டுப் போனை அவனிடம் நீட்டினாள். அவன் கையைத் துடைத்து, கண்ணாடி மாட்டி, பூஜ்யங்களை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் கடை வாசலுக்குப் போய் நின்று, ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டான், எதிரே போன கைப்பிடி வாத்தியாரைக் கூப்பிட்டான். "ரெண்டு டிக்கெட்! முழுசா! பெட்டியெல்லாம் உங்களுது, பறக்கப்போறது எங்க வீட்டம்மா!" அன்று வந்த அத்தனை பேரிடமும் அதையே சொன்னான். வங்கி மேடம் என்று சொன்னதைக்கூட விடவில்லை. அவள் தலையைக் குனிந்து சீட்டு எழுதினாலும் காது முழுக்க அங்கேதான் இருந்தது. கல்யாணத்தன்றுகூட அவன் அவளைப் பற்றி இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

அந்த மகிழ்ச்சியிலேயேதான் அக்காவுக்கும் போன் போட்டான். "அக்கா, டிக்கெட் வந்துருச்சு! நீயும் இவளும் ஜம்முனு போயிட்டு வாங்க. கடையை நான் பாத்துக்கறேன்."

அவள் கையிலிருந்த டீ சிந்தவில்லை. 'சரிங்க' என்றுகூடச் சொல்லிவிட்டாள், பழக்கம். அவன்மேல் என்ன குற்றம்? இருப்பதில் நல்லதை இரண்டு பெண்களுக்கும் பங்கு வைத்துவிட்டுத் தான் பின்னால் நிற்பது அவனுக்கு மூச்சு விடுவது போல. அண்ணிமேல்தான் என்ன குற்றம்? அந்த ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் டிக்கெட்டே இல்லை. அந்த வாரம் முழுக்க அண்ணி தினமும் கடைக்கு வந்தாள். கழுத்துக்கு வைக்கிற தலையணை வாங்கிவிட்டாள். ஜன்னல் சீட் யாருக்கு என்பதில் அவளே சண்டை போட்டு, அவளே விட்டுக்கொடுத்தாள். "எனக்கும் இந்த வயசுல ஒரு ஆசை இருந்துச்சு பாரேன்" என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னபோது, இவள் டைரியைத் திறந்து எதையோ தேடுவதுபோல் பக்கங்களைப் புரட்டினாள்.

புதன்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரம், டிக்கெட் போட உட்கார்ந்தார்கள். அண்ணி அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் படிக்கு அடியில், உடைந்த கைப்பிடி ஒன்றைப் பசை போட்டு அழுத்திப் பிடித்திருந்தான். அந்தப் பசைக்கு நூறு எண்ணும் வரை கை அசையக் கூடாது. ஒன்று, இரண்டு என்று முணுமுணுப்பாக எண்ணிக்கொண்டிருந்தான்.

அந்தச் சின்னக் கடலோர ஊருக்குக் குறித்து வைத்த தேதியில் பாயிண்ட்டுக்கு இரண்டே இருக்கைகள்தான் இருப்பதாகப் போன் காட்டியது. தொட்டாள். பத்து நிமிஷம் உங்களுக்காக வைத்திருக்கிறோம் என்று சொல்லித் திரையின் மேல் மூலையில் எண்கள் இறங்க ஆரம்பித்தன. முதல் பயணி. தன் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தாள், இனிஷியலோடு. இரண்டாவது பயணி. அங்கே வெறும் கட்டம்.

"முப்பத்தெட்டு... அக்கா பேரைப் போடு... முப்பத்தொம்பது."

"இந்தாம்மா, பாத்து அடி. ஸ்பெல்லிங் தப்பாப் போச்சுன்னா ஏத்த மாட்டானாமே." அண்ணி அட்டையை நீட்டினாள்.

அவள் அட்டையை வாங்கினாள். கட்டத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்ணிடம் இரண்டாம் தரம் போய் நின்றது நினைவுக்கு வந்தது. முன்பின் தெரியாதவளிடம், வேறு என்ன வழி என்று வாய் திறந்து கேட்டவள்தானே. அங்கே வந்த தைரியம் இந்த மாடிப்படிக்கு அடியில் எங்கே போயிற்று?

அட்டையைத் திரும்ப அண்ணியின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, உங்களுக்கு ஒரு டிக்கெட் நான் போடறேன். அடுத்த வருஷத்துக்குள்ள, ஜன்னல் சீட்டாவே போடறேன். எப்படிச் சேக்கறதுன்னு எனக்குத் தெரியும், நான் சேத்துடுவேன். ஆனா இது உங்களுக்கு இல்ல அண்ணி. இதை நான் வேற ஒருத்தருக்காகச் சேத்தேன்."

அண்ணி தம்பியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். பிடித்த கையை உருவிக்கொள்ளவில்லை.

"அறுபத்து நாலு... என்னடி சொல்றே?... அறுபத்தஞ்சு."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவன் எங்கும் எழுந்து போக முடியாது. இன்னும் முப்பத்தைந்து எண்ண வேண்டும்.

"ஏங்க, கல்யாணமான நாள்லேருந்து இதைக் கேக்கணும்னு இருக்கேன். நீங்களும் நானும் மட்டும் எங்கயாவது போகணும். கல்யாணத்துக்கு இல்ல, சாவுக்கு இல்ல, யாருக்கும் துணைக்கு இல்ல. சும்மா. நாலு நாள் கடையைச் சாத்திட்டு எங்கூட வாங்க."

அறுபத்தாறு வரவில்லை. கைப்பிடியை அழுத்தியிருந்த அவன் கட்டைவிரல்களுக்கு அடியிலிருந்து பசை மெல்லப் பிதுங்கி, விரல்களின் மேல் பளபளவென்று ஏறிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமல், கையை எடுக்காமல், அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.